வலமுறுக்கா, இடமுறுக்கா?

களம்பூர்
7-7-1986

ஆரணியில் பட்டு நூல் முறுக்கும் பட்டறை வைத்திருக்கும் திரு. லோகநாதன் அவர்களுக்கு, அவர் பெண்டாட்டி லீலா அப்பா வீட்டிலிருந்து எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் நலம் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்பதாக இல்லை.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்து என்னைக் காணாமல், "கோவிச்சிகினு பூட்டாளா?" என்று அத்தையைக் கேட்டிருப்பீர்கள். அத்தையும் "ஆமா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

வேலூரில் டாக்டரம்மா என்ன சொன்னார்? ஸ்கேன் பார்த்துவிட்டு, "குழந்தை நல்லா இருக்கு, மூணு மாசம். வலது பக்கம் சினைப்பையில ஒரு நீர்க்கட்டி இருக்கு, எலுமிச்சம்பழம் அளவு. கர்ப்பத்துல இப்படி வர்றதுதான். பெரும்பாலும் தானா சுருங்கிடும். ஆகஸ்ட் மாசம் திரும்பப் பார்ப்போம். பெருசாகிட்டே போனாதான் ஆபரேஷன்" என்றார். ஆபரேஷன் செய்தால் பிள்ளைக்கு ஆபத்தா என்று நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஓரளவுக்கு உண்டு" என்று மறைக்காமல் சொன்னார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. கடைசியில் இன்னொன்றும் சொன்னார். "சில பேருக்கு அந்தக் கட்டி முறுக்கிக்கும். திடீர்னு தாங்க முடியாத வலி, வாந்தின்னு வந்தா உடனே கூட்டிட்டு வந்துடணும்."

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அந்த இடத்தில் பயந்திருப்பான், இல்லை பெண்டாட்டி கையைப் பிடித்திருப்பான். நீங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வலமுறுக்கா, இடமுறுக்கா மேடம்?" என்று கேட்டீர்கள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து உங்கள் வீட்டில் நான் மனுஷி இல்லை, மெஷினில் மாட்டிய நூல். வலப்பக்கக் கட்டி வலமாகத்தான் முறுக்கும், எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் முறுக்கு ஏறாது என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். குழம்புக் கரண்டியை இடமாகச் சுற்று என்றார், சுற்றினேன். புரண்டு படுத்தால் இடமாகப் புரளு என்றார், புரண்டேன். கொண்டையைக்கூட எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போட்டுக்கொண்டு, அது பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவிழ்ந்து விழப் பொறுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் என்னை அப்பிரதட்சிணமாகச் சுற்ற வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஊரே வலம் வருகிறது, நான் ஒருத்தி மட்டும் எதிரில் வருகிறேன். அத்தை தூணருகே நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு சுத்து பாக்கி" என்கிறார். பூசாரி கற்பூரத் தட்டோடு ஓடி வந்து, "இன்னாம்மா லீலா, சாமிக்கும் உனுக்கும் இன்னா தகராறு? எல்லாம் ஒரு பக்கம் போவ சொல்லோ நீ எதுருக்க வந்துகினு கீற?" என்று கேட்டார். எதிர்வீட்டுக் கமலம் என் காதோரம் வந்து, "உங்க வீட்ல யாராவது தவறிட்டாங்களா?" என்றாள். இந்தத் தகவல் உங்களுக்கு வந்ததா? வந்தும் நீங்கள் சொன்னது, "அம்மா சொல்றதுல ஒரு கணக்கு இருக்கு லீலா." அதனால்தான் அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன்.

லீலா

ஆரணி
11-7-1986

லீலாவுக்கு லோகநாதன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பூசாரி பேசியதை நீ எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. இங்கே டீக்கடையில் அதை நடித்தே காட்டுகிறார்கள்.

என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். பதினாறு வயதிலிருந்து நான் நூல் முறுக்குகிறேன். பக்கம் இல்லாமல் முறுக்கிக்கொண்ட ஒரு பொருளை இதுவரை பார்த்ததில்லை. முறுக்கிக்கும் என்று ஒருவர் சொன்னால் எந்தப் பக்கம் என்று கேட்பது தொழில் தெரிந்தவன் கேட்கிற கேள்வி. அந்த அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை, அதற்கு நான் என்ன செய்வது?

அம்மா செய்ததைச் சரி என்று சொல்ல மாட்டேன். தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நீ போனதிலிருந்து அவள் ஊர்க் கோயில் எல்லாவற்றுக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவளும் ஏழு வருஷமாகப் பேரப்பிள்ளைக்குக் காத்திருந்தவள்தான்.

உங்கப்பா செய்ததைத்தான் என்னால் மறக்க முடியாது. நீ போன இரண்டாம் நாள் ஆரணி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும், கண்டக்டர், வாழைப்பழக்காரி, என்னிடம் நூல் வாங்குகிற இரண்டு பேர், இவ்வளவு பேரையும் வைத்துக்கொண்டு, "ஏம்பா, எம்பொண்ணு இன்னா உன் மெஷின்ல சுத்தற கதிரா? உனுக்குப் பொண்டாட்டி எதுக்கு, ஒரு மோட்டார் வாங்கி வெச்சுக்க" என்றார். கதிர் என்பது நூல் ஏறுகிற இரும்புக் கம்பி. அதை மரியாதைக் குறைவாக யாராவது பேசி நான் கேட்டதே இல்லை. உங்கப்பா பேசினார். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிற வரைக்கும் களம்பூர் மண்ணில் நான் கால் வைப்பதாக இல்லை.

வலி ஏதாவது இருக்கிறதா, வாந்தி நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பால் குடிக்கிறாயா என்றும் அம்மாதான் கேட்கச் சொன்னாள். எந்தப் பக்கம் படுக்கிறாய் என்பது மட்டும் நான் கேட்பது.

லோகநாதன்

களம்பூர்
21-7-1986

பட்டறைக்காரருக்கு,

எனக்கு எப்படித் தூக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் படுக்கிறேன். வலி இல்லை. வாந்தி நின்றுவிட்டது. பால் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது.

என் அப்பா ரைஸ் மில்லில் களத்து மேஸ்திரி என்பது உங்களுக்குத் தெரியும். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் துழாவி, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, "ஈரம் போயிடுச்சு, அள்ளு" என்று சொல்வார். அவர் சொன்னால் முதலாளிக்கும் மறுபேச்சு கிடையாது. அவரிடம் போய் நான் "நீர்க்கட்டி" என்று சொல்லித் தொலைத்தேன். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "நீரா? நீர்னா ஈரம். ஈரத்துக்கு இன்னா வேணும்? வெயில்!" என்றார்.

அன்று தொடங்கியது. காலையில் என்னைக் களத்து ஓரத்தில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைக்கிறார். எனக்கு இந்தப் பக்கம் நெல், அந்தப் பக்கம் நெல். ஒரு மணி நேரம் கழித்து, "அப்படியே திரும்பி ஒக்காரும்மா, முதுவு காயட்டும்" என்கிறார். மில்லில் வேலை செய்கிற பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பால், மோர், ரசம் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. பொட்டுக்கடலை, அப்பளம், வறுத்த அரிசி, இவைதான் எனக்குச் சாப்பாடு. தண்ணீரை டம்ளரில் கால்வாசி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அதையும் நான் குடித்து முடிக்கிறவரை வருத்தமாகப் பார்க்கிறார். நேற்று என் கையை எடுத்து அழுத்திப் பார்த்து, "இன்னும் ஈரம் இருக்கு" என்றார். கடித்துப் பார்க்காமல் விட்டாரே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அங்கே நூலாக இருந்தேன், இங்கே நெல்லாக இருக்கிறேன். வயிற்றில் ஒரு பிள்ளையோடு பயந்துபோய் இருக்கிற பொம்பளையாக என்னை வைத்துக்கொள்ள இரண்டு வீட்டிலும் ஆள் இல்லை.

பயமாகத்தான் இருக்கிறது. பாத்ரூம் போகும்போது லேசாகச் சுருக்கென்றால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். இது போய்விட்டால் இன்னொன்று வருமா என்று நினைப்பு ஓடுகிறது. அம்மாவிடம் சொன்னால் அவள் அழுகிறாள், பிறகு நான் அவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்கேன் தேதி ஆகஸ்ட் 22. மூத்திரப்பை நிறைய தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்னைக் கூட்டிப் போனால் ஒரு சொட்டு குடிக்க விட மாட்டார். உங்களை வரச் சொல்லவில்லை. தேதியை மட்டும் சொன்னேன்.

லீலா

ஆரணி
29-7-1986

லீலாவுக்கு,

நான் சிரிக்கவில்லை. அம்மா சிரித்தாள். "நாம சுத்த வெச்சதுக்குக் கோவிச்சிகினு போனவளை அவுங்க அப்பன் காய வெச்சிகினு கீறானா?" என்று தெருவுக்கே கேட்கச் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு மெஷினையே நிறுத்திவிட்டேன். என் பெண்டாட்டியை நெல்லோடு நெல்லாகக் காய வைக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வியாழக்கிழமை நூல் கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலூர் போனேன். டாக்டரம்மாவைப் பார்க்க மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் அடையாளம் கண்டுகொண்டார். "வலமுறுக்கு சார்தானே?" என்றார். பக்கத்திலிருந்த நர்ஸ் திரும்பிக்கொண்டாள்.

கோயில், கரண்டி, கொண்டை, களம், பொட்டுக்கடலை எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சுத்தறதாலயும் ஒண்ணும் ஆகாது, காய வைக்கிறதாலயும் ஒண்ணும் ஆகாது. உள்ள இருக்கிற நீருக்கும் குடிக்கிற தண்ணிக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தப் பொண்ணு நல்லா சாப்பிடணும், நல்லா தண்ணி குடிக்கணும், குலுங்காம இருக்கணும். வலி வந்தா வரணும். ரெண்டு குடும்பமும் கொஞ்ச நாள் சும்மா இருந்தா அதுவே பெரிய வைத்தியம்."

எழுந்து வரும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா முறுக்கினா ஒரு பக்கம் இருக்குமில்ல மேடம்?" என்றேன். "இருக்கும். அது எங்க கவலை, உங்க கவலை இல்ல" என்றார். பக்கம் உண்டு என்று டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் பேஜார்.

லீலா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் கை சும்மா இருக்கத் தெரியாதவன். இழை அறுந்தால் முடிச்சுப் போடுவேன். முறுக்கு ஏறினால் எதிர்ப்பக்கம் ஓட்டிச் சரி பண்ணுவேன். உன் வயிற்றுக்குள் என் கை எட்டவில்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் ஏதாவது செய்யலாமே என்றுதான் அன்றைக்கு அப்படிக் கேட்டேன். பயப்படவில்லை என்று நினைத்துக்கொண்டாய். பயத்தில் கேட்டது அது.

22-ம் தேதி காலையில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஒரு கூஜா தண்ணீரோடு நிற்பேன். களம்பூருக்கு வர மாட்டேன். அந்தப் பேச்சு இன்னும் திரும்ப எடுக்கப்படவில்லை.

லோகநாதன்

களம்பூர்
18-8-1986

உங்களுக்கு,

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க விதி விடவில்லை. நேற்று நடந்ததில் நீங்களும் இருந்தீர்கள். ஆனாலும் நடுவில் கிடந்தவள் நான், என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டியும் பொட்டுக்கடலை நிற்கவில்லை. "டாக்டருக்கு நெல்லைப் பத்தி இன்னா தெரியும்?" என்றார். நேற்றுச் சாப்பிட்டு எழுந்ததும் வயிற்றில் ஒரு வலி பிடித்தது. அப்படியே தரையில் சுருண்டுவிட்டேன், வாந்தியும் வந்தது. முறுக்கிக்கொண்டது, எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்பா மில்லுக்கு ஓடி, அரிசி ஏற்ற நின்றிருந்த லாரியையே கொண்டுவந்துவிட்டார். "ஜல்தி ஓட்டுடா" என்று வழியெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டு வந்தார்.

ஆரணியில் உங்கள் பட்டறை வாசலில் லாரியை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். இறங்கவில்லை, ஹாரனை மட்டும் அடிக்கச் சொன்னார். நீங்கள் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்து ஏறினீர்கள். வேலூர் போய்ச் சேருகிறவரை இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் நீங்கள். "தண்ணி குடுத்தாராமா, கேளு" என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். "குடுத்தேன்னு சொல்லு" என்று அவர் என்னிடம் சொன்னார். வலியில் துடிக்கிறவளை டெலிபோனாக வைத்துக்கொண்டு பேசியது நீங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். ஆனால் வழி முழுக்க என் கையை நீங்கள் விடவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "என்ன சாப்பிட்டே?" என்றார். சொன்னேன். "எத்தனை நாளா?" சொன்னேன். அவர் திரும்பி அப்பாவைப் பார்த்த பார்வையில் அப்பா மூலையில் இருந்த பக்கெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "முறுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயு" என்றார் டாக்டரம்மா.

வந்ததுதான் வந்தாய், ஸ்கேனையும் பார்த்துவிடலாம் என்றார். பக்கத்து நாடார் கடையில் சட்டையும் இல்லாமல் போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் வாங்கி வந்தீர்கள். நான் குடிக்கக் குடிக்க அப்பா, "ஒரு மாச வேலை வீணாப் போவுதே" என்று முனகினார். உள்ளே படுக்க வைத்தார்கள். எனக்கு மேலே ஓடுகிற ஃபேன் மட்டும்தான் தெரிந்தது. டாக்டரம்மா கருவியை வயிற்றின்மேல் ரொம்ப நேரம் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. பிறகு, "குழந்தை கையை ஆட்டுது பாரு. கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்துடுச்சு. ஆபரேஷன் வேண்டாம்" என்றார். நான் அழுதேன். வெளியே வந்து சொன்னபோது நீங்களும் அழுதீர்கள், அப்பாவும் அழுதார். ஒரு நிமிஷம் மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஒரு நிமிஷம்தான். மாடிப்படி இறங்குவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "ஒரு மாசம் வெயில்ல வெச்சேன். சுருங்காம இன்னா பண்ணும்?" சும்மா வருகிற மனுஷனா நீங்கள்? "எங்கம்மா எதிர்ப்பக்கம் சுத்த வெச்ச அன்னிக்கே பிரிய ஆரம்பிச்சிடுச்சு மாமா" என்றீர்கள். சுற்றுவதால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுவந்து எனக்கு எழுதிய அதே ஆள்! ஆரணி வந்ததும் கதவைப் படாரென்று சாத்திவிட்டு இறங்கிப் போனீர்கள். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

லீலா

ஆரணி
12-12-1986

லீலாவுக்கு,

வளைகாப்பு முடிந்து உங்கப்பா உன்னைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. செப்டம்பரில் நீயாகவே திரும்பி வந்து, மூன்று மாதம் இங்கே இருந்து பழக்கிவிட்டாய். நவம்பர் ஸ்கேனில் அந்தக் கட்டி இருந்த இடமே தெரியவில்லை என்று டாக்டரம்மா சொன்னதை இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். அம்மா இப்போது குழம்பை வலமாகத்தான் கிண்டுகிறாள்.

ஆனால் வளைகாப்பு அன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு உங்கப்பா என்ன பேசினார், கேட்டாயா? "பட்டறையில வுட்டிருந்தா என் பொண்ணு முறுக்கியே போயிருப்பா. களத்துக்குக் கொண்டாந்தேன், பொழைச்சா." எனக்குப் பரிமாறிய பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கதிர் என்று சொன்னதையும் திரும்ப எடுக்கவில்லை, வெயிலால் ஆகவில்லை என்றும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஒத்துக்கொண்டால் நானும் ஒத்துக்கொள்வேன். முதலில் அவர்தான்.

நேற்று அம்மா செய்த புளியோதரையை மில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மில் கேட் ஊருக்கு வெளியில்தான் இருக்கிறது, அது களம்பூரில் சேராது. கேட் அருகே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். களத்தில் உன்னைக் காணோம். காயவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது, பார்க்க முடியவில்லையே என்றும் இருந்தது.

நேரம் வந்ததும் சொல்லி அனுப்பு. எனக்குப் பயம் போகவில்லை.

லோகநாதன்

களம்பூர்
7-1-1987

உங்களுக்கு,

மூன்று நாளைக்கு முன்னால் காலையில் இங்கே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அப்பா அனுப்பிய ஆள் வாயால் கேட்டிருப்பீர்கள். அவன் வாயில் அரைகுறையாகத்தான் வந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். ஆபரேஷன் இல்லை, சுகப்பிரசவம். நான் நன்றாக இருக்கிறேன். அவள் உங்கள் மூக்கையும் உங்கள் அம்மா குரலையும் கொண்டு வந்திருக்கிறாள்.

"சேதி சொன்னதும் மாப்பிள்ளை சைக்கிளை எடுத்தாரு, அப்புறம் திரும்ப நிறுத்திட்டாரு" என்று அந்த ஆள் வந்து சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் எழுந்தே வந்திருப்பேன்.

இங்கே நிலவரம் சொல்கிறேன். குழந்தை கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது, காலை இளவெயிலில் சிறிது நேரம் காட்டுங்கள் என்று வீட்டுக்கு வந்து பார்த்த ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். யாரிடம் சொன்னாள்? என் அப்பாவிடம்! மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "வெயில்! ஆஸ்பத்திரியே சொல்லுது, வெயில்!" என்று பேத்தியை ஏந்திக்கொண்டு தெருவில் நிற்கிறார். கதிர் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பேத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எட்துகினேன்னு எழுதிக்க. வந்து மூஞ்சைக் காட்டச் சொல்லு. நா வாசல்லியே நிக்கறேன்" என்றார். வெயில் விஷயத்தை மட்டும் சாகிறவரை விட மாட்டார், அதை எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் கட்சிக்கும் ஒன்று இருக்கிறது. குழந்தை உச்சந்தலையில் ஒரே ஒரு சுழி, அத்தனை அழகாகச் சுற்றியிருக்கிறது. அப்பா பார்த்துவிட்டார், அம்மா பார்த்துவிட்டாள், மில் பெண்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். ஆரணியிலிருந்து யார் வந்து கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அது வலமாகச் சுற்றுகிறதா, இடமாகச் சுற்றுகிறதா என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். வந்து பாருங்கள். அத்தையையும் கூட்டி வாருங்கள். கண்ணாடியை மறக்காதீர்கள், முடி உங்கள் பட்டு நூலைவிட மெல்லிசாக இருக்கிறது.

லீலா